கிள்ளானில் நான் எழுதிய மனு

என் பெட்டியில் இரண்டு கிலோ கருவாடு இருந்தது. மனித உரிமை படிக்கப் போகிறவள் சுங்கச் சோதனையில் கருவாட்டோடு பிடிபட்டால் ஊரில் என்ன பேசுவார்கள் என்று விமானம் இறங்கும்வரை யோசித்துக்கொண்டே இருந்தேன். மூன்று பருத்திப் புடவை, அதற்குள் நான்கு பிளாஸ்டிக் பை, அதற்குள் செய்தித்தாள், அதற்குள் நெத்திலியும் வாளையும். அதிகாரி என் பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் வந்த கோட்டுப் போட்ட மனிதரைத்தான் பெட்டியைத் திறக்கச் சொன்னார். சட்டத்தை மீறிவிட்டேனே என்று வெட்கமாக இருந்தது. தப்பித்ததில் சந்தோஷமும் இருந்தது.

கருவாடு எனக்கில்லை. பரமக்குடியில் எங்களுக்கு அடுத்த தெருவில் இருக்கும் ஜோதி கொடுத்தனுப்பியது. அவள் கணவன் காளிமுத்து மலேசியாவின் கிள்ளானில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பரோட்டா மாஸ்டர். போய் மூன்று வருடமாகிறது. அவன் போன ஆறாவது மாதம் ஊரில் பெண் குழந்தை பிறந்தது. செல்போனில் தினமும் பார்க்கிறானே தவிர, பிள்ளையை ஒருமுறைகூடத் தூக்கியதில்லை. "லீவு கேட்டா மொதலாளி குடுக்க மாட்டேங்கிறாகளாம். நீங்க பேசுனா கேப்பாகக்கா" என்று ஜோதி பொட்டலத்தை நீட்டினாள். நான் பேசினால் கேட்பார்கள் என்ற நினைப்பு எனக்கும் உண்டு. வாங்கிக்கொண்டேன்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெயர் சாந்தி. இருபது வருடமாக மனு எழுதுகிறேன். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர் கூட்டம் நடக்கும்போது சைக்கிள் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் எங்கள் சட்ட உதவி மையத்தின் மேசை கிடக்கும். அதில் நான் இருப்பேன். பட்டா, முதியோர் உதவி, வளைகுடாவில் மாட்டிக்கொண்ட பிள்ளை, எதுவாக இருந்தாலும் அனுப்புநர், பெறுநர், பொருள், ஐயா என்று பேனா தானாக ஓடும். அந்த வளைகுடா மனுக்களைப் பார்த்துத்தான் கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகம் நடத்தும் இரண்டு வாரப் படிப்புக்கு என்னை எடுத்தார்கள். புலம்பெயர்வுக் கொள்கையும் மனித உரிமைகளும் என்று படிப்புக்குப் பெயர். நாற்பத்தாறு வயதில் வெளிநாட்டுப் படிப்பு என்று எனக்குக் கொஞ்சம் தலைகால் புரியவில்லைதான்.

தங்கிய இடம் கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ் என்ற பகுதியில் ஒரு பூக்கடையின் மாடி. ஜன்னலைத் திறந்தால் மல்லிகை வாசமும் தலைக்கு மேலே மோனோரயில் சத்தமும் ஒன்றாக உள்ளே வரும். கீழே பூக்கட்டும் அக்கா முதல் நாளே கேட்டார்: "ஊர்லேருந்து வந்தீங்களா? எத்தன நாளு? சாப்டாச்சா?" மூன்று கேள்விக்கும் பதில் சொல்லி முடிப்பதற்குள் நான்காவதாக என் புடவையைத் தொட்டு விலை கேட்டார். பரமக்குடியை விட்டு வந்த மாதிரியே இல்லை.

பக்கத்துக் கடையில் டீ கேட்டேன். பால்மாவா, டின் பாலா, என்னவோ ஒன்றைக் கொட்டி ஆற்றித் தந்தார்கள். பாயசம் குடித்த மாதிரி இருந்தது. "சீனி இல்லாம தாங்கண்ணே" என்றதற்கு, "சீனி இல்லாம எப்படி அக்கா குடிப்பீங்க, ஒடம்புக்கு ஆவாது லா" என்றார் கடைக்காரர், இந்த ஊர்ப் பேச்சின் வாலாக வரும் 'லா'வோடு. சர்க்கரை போட்டால்தான் உடம்புக்கு ஆகாது என்று அறுபது தாண்டிய ஒருவரிடம் வாதாடுவது மரியாதை இல்லை என்று விட்டுவிட்டேன்.

வியாழன் காலை வகுப்பு தொடங்கியது. நேபாளம், வங்கதேசம், பிலிப்பைன்ஸ் என்று ஒன்பது பேர். வாசலில் கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்ட ஒரு பெண் சிரித்த முகத்தோடு நின்றிருந்தாள். "பதிவுக்காகப் பாஸ்போர்ட்டைக் கொடுங்கள், சாயங்காலம் வாங்கிக்கொள்ளலாம்" என்றாள். எல்லோரும் வரிசையில் நின்று கொடுத்தோம். நான் கொடுத்ததோடு நிற்காமல், உறை கிழிந்திருக்கிறது, பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று வேறு சொன்னேன்.

பேராசிரியர் தலையில் முக்காடு போட்ட மலாய் அம்மா. ஐம்பது வயதிருக்கும். வந்ததும் பலகையில் எதுவும் எழுதவில்லை. "கையில் பாஸ்போர்ட் இருப்பவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்றார். ஒருவரும் எழவில்லை. "யாரிடம் கொடுத்தீர்கள்? அவள் பெயர் தெரியுமா? ரசீது வாங்கினீர்களா?" என்று வரிசையாகக் கேட்டார். அந்தப் பெண் அவரே நிற்க வைத்த கல்லூரி மாணவி. பதிவு என்று ஒன்று கிடையாது. ஒரு சிரிப்புக்கும் ஒரு அட்டைக்கும் ஒன்பது மனித உரிமைக்காரர்கள் ஐந்து நிமிடத்தில் பாஸ்போர்ட்டைத் தூக்கிக் கொடுத்திருக்கிறோம்.

"இதைத் தொழிலாளி செய்தால், படிக்காதவன், விவரம் தெரியாதவன் என்று அறிக்கையில் எழுதுகிறீர்கள்" என்றார். பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தபோது எனக்குக் காது மடல் சுட்டது. இருபது வருட அனுபவம், அதில் இந்த லட்சணம். அன்று முழுவதும் கைப்பையை மடியிலிருந்து இறக்கவில்லை. வேலைக்கு வைத்தவர் தொழிலாளியின் பாஸ்போர்ட்டைப் பிடித்துவைப்பது இந்த நாட்டுச் சட்டப்படியே தப்பு என்று மத்தியானம் பாடம் நடந்தது. அதை நோட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டேன்.

வெள்ளிக்கிழமை தேவிகாவோடு வாழை இலைச் சாப்பாடு. தேவிகா எங்கள் படிப்புக்குக் களப்பணி ஒருங்கிணைப்பவள். கிள்ளானில் பிறந்து வளர்ந்தவள், பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு தொழிலாளர் உதவி மையத்தில் வேலை. முப்பத்தைந்து வயதிருக்கும். பேசினால் தமிழில் தொடங்கி மலாயில் திரும்பி ஆங்கிலத்தில் போய் நிற்பாள். இலையில் சோற்றின் மேல் மீன் குழம்பு, கோழிக் குழம்பு, பருப்பு மூன்றையும் ஒன்றாக ஊற்றி, பக்கத்தில் பாகற்காய் வறுவல் வைத்தார்கள். நாங்கள் ஒரு குழம்புக்கு ஒரு முறை சோறு வாங்கிச் சாப்பிடுகிறவர்கள். மூன்றும் கலந்து ஓடுவதைப் பார்த்ததும் திக்கென்றது. சாப்பிட்டுப் பார்த்தபோது, இத்தனை வருடம் ஏமாந்துவிட்டோமே என்று தோன்றியது.

பரிமாறியவன் மதுரைப் பக்கத்துப் பையன் என்று பேச்சிலேயே தெரிந்தது. அடுத்த மேசைக்காரரிடம் சரளமாக மலாய் பேசினான். "எத்தனை வருடமாச்சு தம்பி?" என்றேன். சிரித்தானே தவிர பதில் சொல்லாமல் ரசம் ஊற்றினான். "அப்படிக் கேக்காதீங்க அக்கா" என்றாள் தேவிகா மெதுவாக. "வருசம் கேட்டா வேலை பெர்மிட்டு இருக்கான்னு கேக்கறீங்கன்னு நெனப்பாங்க. பயந்துடுவாங்க லா." நம் ஊரில் அது நலம் விசாரிப்பு. இங்கே அது விசாரணை. அதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். எழுதிக்கொள்வதில் மட்டும் நான் குறை வைக்கவில்லை.

ஞாயிறு விடுமுறை. கருவாட்டைத் தூக்கிக்கொண்டு கிள்ளானுக்குக் கிளம்பினேன். பெரிய நிலையத்தில் ரயில் வந்ததும், பெண்களுக்கு மட்டும் என்று இளஞ்சிவப்பில் ஒட்டியிருந்த பெட்டியைப் பார்த்து, என்ன ஒரு ஏற்பாடு என்று மகிழ்ந்து ஏறி உட்கார்ந்தேன். ரயில் எங்கே போகிறது என்று பார்க்கவில்லை. குளிர்சாதனம் அடித்த அடியில் முந்தானையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டேன். அரை மணி கழித்து எதிரே இருந்த சீனப் பாட்டியம்மா மூக்கைச் சுளித்து என் பையைப் பார்த்தார். சங்கடத்தை மறைக்க, "கிள்ளான்?" என்று கேட்டேன். அவர் வண்டி போகும் திசைக்கு எதிராகக் கையைக் காட்டினார். அடுத்து வந்த செர்டாங் நிலையத்தில் இறங்கி, எதிர் ரயில் வரும்வரை முக்கால் மணி நேரம் நின்றேன். நடைமேடையில் இரண்டு பூனைகள் என்னை விட்டு நகரவே இல்லை.

கிள்ளான் போய்ச் சேர மதியம் ஒன்றரை. தெங்கு கிளானா சாலை முழுக்கப் புடவைக் கடையும் நகைக் கடையும் பாட்டுச் சத்தமும். பொங்கலுக்கு முந்தின பரமக்குடிக் கடைத்தெரு போல நெரிசல். அதை ஒட்டிய சந்து ஒன்றில் காளிமுத்துவின் கடை. வாசலில் பெரிய கல்லில் ஒல்லியாக ஒருவன் மாவை வீசிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் வீசிய மாவு கல்லுக்கு வெளியே போய் விழுந்தது. "வாங்கக்கா" என்றான். கை மாவாக இருந்ததால் முழங்கையால் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

முதலாளியும் வந்தார். உள்ளூரில் பிறந்தவர். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. "ஊர்லேருந்து வந்திருக்கீங்க, காசெல்லாம் வேணாம் மேடம்" என்று தலைக்கறியும் நண்டும் என் முன்னால் வைக்கச் சொன்னார். முகத்தைப் பார்த்தால் யாரும் குறை சொல்ல முடியாது. காளிமுத்துவையும் சேர்த்து ஊரிலிருந்து வந்து அங்கே வேலை செய்யும் ஆறு பேருடைய பாஸ்போர்ட்டும் எங்கே என்று நான் கேட்டபோதும் அவர் கோபப்படவில்லை. "எங்கிட்ட பத்திரமா இருக்கு. ரூம்ல வச்சா தொலச்சிடுவாங்க. சேஃப்டிக்குதான்" என்றார். வியாழக்கிழமை எங்கள் வகுப்பு வாசலில் நின்ற அதே சிரிப்பு.

மூன்று மணிக்குக் காளிமுத்துவுக்கு ஓய்வு. கடைக்குப் பின்னால் காலி எண்ணெய் டின்களின் மேல் உட்கார்ந்தோம். கருவாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்து பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

"ரெண்டு மாசம் லீவு வேணும்க்கா. அம்புட்டுதான். பாப்பாவத் தூக்கிப் பாத்துட்டுத் திரும்பி வந்துருவேன். இந்த வேலை போச்சுன்னா எனக்கு வேற கதியில்ல. மொதலாளி நல்லவுகதான். கேட்டா, அடுத்த மாசம் அடுத்த மாசம்கிறாக."

"பாஸ்போர்ட் கேட்டியா?"

"அத எதுக்குக்கா கேக்கணும்? லீவு குடுத்தா அதையும் குடுக்கப் போறாக."

எனக்குத் தாங்கவில்லை. பாஸ்போர்ட் உன்னுடையது, அது உன் கையில் இருக்க வேண்டும், அதைப் பிடித்துவைப்பதுதான் குற்றம், லீவு அப்புறம் என்று வகுப்பில் கேட்டதையெல்லாம் ஒப்பித்தேன். தலையை ஆட்டிக்கொண்டே கேட்டான். கைப்பையிலிருந்து வெள்ளைத்தாளை எடுத்தேன். வெளிநாட்டுக்குப் போகும்போதும் முழுநீள வெள்ளைத்தாள் எடுத்துப் போகிறவள் நான். அனுப்புநர், பெறுநர், பொருள்: கடவுச்சீட்டைத் திரும்ப ஒப்படைக்கக் கோருதல் தொடர்பாக. ஐயா. தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. "நானும் என்னுடன் பணிபுரியும் ஐவரும்" என்று எழுதினேன். மற்ற ஐந்து பேரிடமும் நான் பேசவே இல்லை. ஆள் எண்ணிக்கை கூடினால் மனுவுக்கு எடை கூடும் என்பது எங்கள் தொழில் வழக்கம்.

கடைசியில், கையெழுத்துக்குக் கீழே இடது ஓரத்தில், பழக்கதோஷத்தில் எழுதினேன். நகல்: ஒன்று, தொழிலாளர் அலுவலகம். இரண்டு, குடிநுழைவு (இமிக்ரேஷன்) அலுவலகம். மூன்று, இந்தியத் தூதரகம்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நம் ஊரில் நகல் போடாத மனுவை யாரும் மதிப்பதில்லை. கிராம நிர்வாக அலுவலருக்கு எழுதினால் தாசில்தாருக்கு நகல், தாசில்தாருக்கு எழுதினால் ஆட்சியருக்கு நகல். பாதி நேரம் நாங்கள் நகலை அனுப்புவதே இல்லை. அந்த வரியைப் பார்த்தாலே வேலை நடக்கும். வாங்குகிறவருக்கும் அது தெரியும், எழுதுகிற எங்களுக்கும் தெரியும். காளிமுத்துவுக்கும் தெரியும், அவனும் பரமக்குடிக்காரன்தானே. அந்த வரியைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டான்.

"நாளைக்கே குடு. பயப்படாதே" என்று சொல்லிவிட்டு வந்தேன். திரும்பும்போது சரியான ரயிலில் ஏறினேன், சரியான நிலையத்தில் இறங்கினேன். எல்லாமே சரியாகப் போவதாக நினைத்தேன்.

செவ்வாய் காலை, வகுப்பு தொடங்க இரண்டு நிமிடம் இருக்கும்போது காளிமுத்துவின் போன். "அக்கா, பாஸ்போட்டக் குடுத்துட்டாக. ஆறு பேருக்கும்."

"பாத்தியா! நான் சொன்னேன்ல!" என்று நடைபாதையிலேயே கத்திவிட்டேன். அவன் மேலே ஏதோ சொல்ல வந்தான். பேராசிரியர் உள்ளே போவதைப் பார்த்ததும், அப்புறம் பேசறேன் என்று வைத்துவிட்டேன். அந்த ஒரு நிமிடத்தை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

வகுப்பில் எழுந்து நின்று சொன்னேன். ஒரே ஒரு மனு, ஒன்றரை நாள், ஆறு பாஸ்போர்ட். எல்லோரும் கைதட்டினார்கள். நேபாளத்துப் பெண் என்னைக் கட்டிக்கொண்டாள். பின் வரிசையில் இருந்த தேவிகா மட்டும் கைதட்டவில்லை. இடைவேளையில் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அக்கா, அவங்க பெர்மிட்டு எந்தக் கடைக்கு?"

"எந்தக் கடைக்கா? அவர் கடைக்குத்தான்."

"கிள்ளான் கடைக்கா? அட்ரஸ் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. காளிமுத்துவைக் கூப்பிட்டேன். நான்காவது முறைதான் எடுத்தான். முதலாளிக்குச் சிரம்பான் என்ற வேறு ஊரில் இன்னொரு கடை இருக்கிறது. பெர்மிட் ஆறும் அந்தக் கடைக்கு எடுத்தது. ஆள் இங்கே, பெர்மிட் அங்கே, அதுவே குற்றம். சோதனை வந்தால் ஆறு பேரும் உள்ளே போக வேண்டியதுதான், முதலாளிக்கும் பெரிய தண்டனை. "அதத்தான் காலையில சொல்ல வந்தேன்க்கா. மனுவப் படிச்சதும் கைகால் ஒதறிருச்சு அவுகளுக்கு. பாஸ்போட்டக் கையில குடுத்து, எங்கயாச்சும் போயிருங்கடான்னுட்டாக. ரூமையும் பூட்டிட்டாக."

நான் எடுத்து வைத்திருந்த மனுவின் படத்தைத் தேவிகா என் செல்போனில் பெரிதாக்கிப் பார்த்தாள். கடைசி வரியில் விரல் நின்றது.

"அய்யோ அக்கா! இமிக்ரேஷனுக்குக் காப்பியா? அனுப்பிட்டீங்களா?"

"இல்லைமா. சும்மா போட்டது."

"சும்மாவா?"

அவள் கேட்ட விதத்தில் இருபது வருடமாக நான் எழுதிய ஒவ்வொரு மனுவின் கடைசி வரியும் வரிசையாக வந்து நின்றது போலிருந்தது.

தேவிகாவின் காரில் கிள்ளானுக்குப் போனோம். நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே வண்டி அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கடை மூடிக் கிடந்தது. பழுதுபார்ப்பு வேலை என்று கதவில் தாள் ஒட்டியிருந்தார்கள். ஞாயிறன்று அவ்வளவு கூட்டமாக இருந்த வாசலில் பரோட்டாக் கல் மட்டும் தார்ப்பாய் மூடிக் கிடந்தது.

ஆறு பேரும் கிள்ளானை ஒட்டிய பண்டமாரானில் இருந்தார்கள். துறைமுகத்தில் லாரி ஓட்டும் உள்ளூர்க்காரர் ஒருவர், கடையில் சாப்பிட வந்து பழகியவர், தன் வீட்டு முன்கூடத்தில் உட்கார வைத்திருந்தார். ஜன்னல் திரை போட்டிருந்தது. ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் பாஸ்போர்ட் துருத்திக்கொண்டிருந்தது. மூன்று வருடமாகக் கண்ணால் பார்க்காததைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவருக்கும் தெருமுனைக் கடைவரை போகத் தைரியம் இல்லை. வயதில் மூத்தவர் ஒருவர், காரைக்குடிப் பக்கம், என்னைப் பார்த்துக் கேட்டார்: "நாங்க எப்பம்மா ஒங்ககிட்ட கேட்டோம்?" அவரோடு நான் பேசியது அதுதான் முதல் தடவை.

லாரிக்காரரின் மனைவி எல்லோருக்கும் மீ கோரெங் என்ற வறுத்த நூடுல்ஸ் பொட்டலம் வாங்கி வந்து கொடுத்தார். எனக்கும் ஒன்று. "சாப்பிடுங்க ஆன்டி" என்று வற்புறுத்தினார். அந்த மனிதர்களுக்கு நடுவில் உட்கார்ந்து அதை விழுங்கினேன்.

தேவிகா எதையும் ஒளிக்காமல் அவர்களிடம் சொன்னாள். தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம், அவள் கூட நிற்பாள், ஆனால் முடிய மாதக்கணக்காகும், அதுவரை வேலை செய்ய முடியாது. அபராதம் கட்டிவிட்டு ஊருக்குத் திரும்பலாம், ஆனால் பெயர் கறுப்புப் பட்டியலில் ஏறும், மறுபடி இந்த நாட்டுக்குள் வர முடியாது. மூன்றாவது, முதலாளியிடம் பேசிப் பார்க்கலாம். "முடிவு ஒங்களோடதுதான் அண்ணே. நான் சொல்ல மாட்டேன்" என்றாள். ஒரே நாளில் அவள் செய்ததை நான் ஞாயிற்றுக்கிழமை செய்திருக்க வேண்டும். முதலில் கேட்டிருக்க வேண்டும்.

புதன் காலை முதலாளியே பண்டமாரானுக்கு வந்தார். இரண்டு நாளில் ஆள் பாதியாகிப் போயிருந்தார். திருநீறு இல்லை, சவரமும் இல்லை. நான் எழுந்து கைகூப்பினேன். "நகல் எதுவும் போகலைங்க. சத்தியமா யாருக்கும் அனுப்பல" என்றேன்.

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "படிச்சவங்க நீங்க. காப்பின்னு போட்டா காப்பி போயிடுச்சுன்னுதானே அர்த்தம்? அனுப்பாம யாராச்சும் எழுதுவாங்களா?"

"எங்க ஊர்ல எழுதுவோம்."

"ஏன்?"

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார். எழுதியதை எழுதியபடி நம்பிய ஒரு மனிதர் அந்த வரியைப் படித்துவிட்டு இரண்டு நாள் தூங்காமல் இருந்திருக்கிறார். அவர் செய்வது தப்புதான், அதில் எனக்கு இப்போதும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனாலும் அந்தக் கேள்விக்கு முன்னால் நான் கூனிக் குறுகிப் போனேன்.

கடைசியில் அவர் சொன்னார். யாரிடமும் புகார் இல்லை என்று எழுதித் தர வேண்டும். பாஸ்போர்ட்டுகளைப் பழையபடி அவரிடமே கொடுத்துவிட வேண்டும். அப்படியானால் கடையைத் திறப்பார், அறையைத் திறப்பார், எல்லாம் முன்போல இருக்கும். இல்லையென்றால் அவரைக் காப்பாற்றிக்கொள்ள, ஆறு பேரும் சிரம்பான் கடையிலிருந்து ஓடிப்போய்விட்டதாக நாளைக் காலை இமிக்ரேஷனில் எழுதிக் கொடுத்துவிடுவார். "எனக்கும் புள்ளைங்க இருக்கு மேடம்" என்றார்.

தேவிகா எழுந்து வாசலுக்குப் போனாள். "நான் எழுத மாட்டேன் அக்கா. தடுக்கவும் மாட்டேன்" என்றாள்.

நான்தான் எழுதினேன். அதே வெள்ளைத்தாள், அதே பேனா. அனுப்புநர், பெறுநர். பொருள்: பாதுகாப்புக்காகக் கடவுச்சீட்டை மனமுவந்து ஒப்படைத்தல் தொடர்பாக. மனமுவந்து என்ற சொல்லை எழுதும்போது பேனா ஒரு முறை நின்றது. ஐயா என்று போட்டேன். காரைக்குடிக்காரர் முதலில் கையெழுத்துப் போட்டு, பாஸ்போர்ட்டை எடுத்து என் கையில் வைத்தார். முகத்தில் வருத்தம்கூட இல்லை, தப்பித்த நிம்மதிதான் இருந்தது. இரண்டாவது ஆள். மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது. முதலாளி நேராக வாங்க மாட்டேன் என்றார். அவர் பிடுங்கினார் என்று பிறகு பேச்சு வராமல் இருக்க, நான் வாங்கி, எண்ணிக் கொடுக்க வேண்டுமாம்.

காளிமுத்து சுவரோரம் உட்கார்ந்திருந்தான். பாஸ்போர்ட்டைத் திறந்து முதல் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். படத்தில் இருந்த காளிமுத்துவுக்குக் கன்னம் உப்பியிருந்தது.

"கையெழுத்துப் போடு தம்பி" என்றேன்.

"நான் போடலக்கா. அபராதத்தக் கட்டிட்டு ஊருக்குப் போறேன்."

"பைத்தியமா? போனா திரும்பி வர முடியாது. தேவிகா சொன்னா இல்ல? வேற கதியில்லைன்னு நீதானே சொன்னே? ஜோதிக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்? இன்னும் கொஞ்ச மாசம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருப்பா. மெதுவா நான் பேசி லீவு வாங்கித் தரேன். இப்ப இதைக் குடுத்துடு."

அவன் பாஸ்போர்ட்டை மூடி இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டான். முதலாளி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மூணு வருசமா இத எனக்குக் கேக்கத் தோணவே இல்லக்கா. லீவுதான் கேட்டேன். இது ஒன்னோடதுன்னு நீங்கதான் எழுதுனீக. அது நெசந்தானே?"

"நெசந்தான்" என்றேன்.

"அப்பறம் எதுக்குக்கா கையை நீட்டுறீக?"

குனிந்து பார்த்தேன். என் இடது கையில் ஐந்து பாஸ்போர்ட்டுகள் இருந்தன. வலது கை அவன் முகத்துக்கு நேரே விரிந்து நீண்டிருந்தது. அதை எப்போது நீட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை.